கொட்டகை வரைக்கும் வைஃபை

என் புருஷன் ஆர்டனுக்கு அறுவடை சமயத்துல மாரடைப்பு வந்துச்சு. அறுவடை மெஷினைப் பாதி வயல்ல நிறுத்திட்டு, இறங்கி, சக்கரத்துல சாஞ்சு உக்காந்திருந்தார் மனுஷன். நல்ல நேரம், அப்போ நான் சாப்பாடு எடுத்துட்டுப் போனேன். கால்கரி ஆஸ்பத்திரியில ஸ்டென்ட் வெச்சு அனுப்பினாங்க. டாக்டரம்மா அவரைப் பாத்துப் பேசவே இல்ல, என்னைப் பாத்துத்தான் பேசினா. "மாடு கன்னு போடும்போது இழுக்கிற வேலைய மட்டும் தனியா செய்ய விடாதீங்க. பக்கத்துல ஒரு ஆள் இருக்கணும்."

இருந்துட்டாப் போச்சுன்னு நானும் தலையாட்டிட்டு வந்தேன். ஜனவரியில எங்க வீட்டு வாசப்படியிலயே பனியில வழுக்கி விழுந்து கணுக்காலை உடைச்சுக்கிட்டேன். முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு. ஆக, தனியா விடக்கூடாத ஆள் கொட்டகையில தனியா. கூட இருக்க வேண்டியவ சமையலறை நாற்காலியில காலைத் தூக்கி வெச்சுக்கிட்டு.

ஒரு ஆளை வேலைக்கு வெச்சுக்கலாம்னு சொல்லிப் பாத்தேன். "என் மாட்டை எனக்குப் பாக்கத் தெரியும்"னார். பிஞ்சர் க்ரீக்குக்குத் தெற்கே இந்த மலையடிவாரத்துல இருக்கிற ஆம்பளைங்க எல்லாருமே ஒரே அச்சு. நெஞ்சைப் பொளந்து வெச்சாலும் "ஒண்ணுமில்ல, லேசா இழுத்துப் பிடிக்குது"ன்னுதான் சொல்லுவாங்க.

எங்க மக பிரென்னா லெத்பிரிட்ஜ்ல இருக்கா, பள்ளிக்கூடத்துல டீச்சர். அவதான் இந்த யோசனையைக் கொண்டு வந்தா. கொட்டகையில ஒரு கேமரா மாட்டிடலாம், அம்மா இங்க உக்காந்து டேப்லெட்ல பாத்துக்கிட்டே இருக்கட்டும்னா. அப்பா கீழ விழுந்தா உடனே தெரிஞ்சுடும்.

"நான் என்ன திருடனா, கேமரா வெச்சுக் காவல் காக்க?"ன்னார் ஆர்டன்.

"திருடன்னா ஓடிப் பொழைச்சுக்குவான்பா. நீ ஓடவும் மாட்டே"ன்னா பிரென்னா.

கேமரா மாட்டறது சுலபம். வைஃபை கொட்டகைக்கு எட்டாததுதான் பிரச்சனை. வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவுல பெரிய முற்றம். கொட்டகைக்குச் சுத்துச் சுவரெல்லாம் தகரம். உள்ள போனா செல்போன்ல சிக்னலே கிடையாது. முற்றத்துல பள்ளம் தோண்டி வயர் போடலாம்னா, பூமி ஒரு ஆள் ஆழத்துக்கு உறைஞ்சு கிடக்கு, கடப்பாரையே இறங்காது. அதனால பிரென்னா, அவ வீட்டுல சும்மா கிடந்த பழைய ரூட்டர் ஒண்ணை எடுத்துட்டு வந்தா. வயரே வேண்டாம், ரெண்டு ரூட்டரும் காத்துலயே கை கோத்துக்கும்னா. வீட்டு ரூட்டர் சொல்றதைக் கொட்டகை ரூட்டர் ஜன்னல் வழியாக் கேட்டு, உள்ள திருப்பிச் சொல்லும். அவ்வளவுதான் விஷயம்.

அவ்வளவுதான்னு சொன்னாளே தவிர, சாப்பாட்டு மேசையில ரெண்டு பெட்டியையும் பக்கத்துல வெச்சுக்கிட்டு ஒரு மத்தியானம் முழுக்க மண்டையை உடைச்சுக்கிட்டா. முதல்ல ரெண்டுக்கும் ஒரே விலாசம். எது யாருன்னு தெரியாம வீட்டுல இருந்த வைஃபையும் சேர்ந்து படுத்துடுச்சு.

"வெல்டா, கொட்டகைக்கு விளக்கேத்தறேன்னு வந்து உன் மக வீட்டையும் இருட்டாக்கிட்டா"ன்னார் ஆர்டன். அவருக்கு ஒரே சந்தோஷம்.

பிரென்னா விடல. பழைய ரூட்டருக்கு வேற விலாசம் கொடுத்தா. புதுசா வர்ற போன், கேமராவுக்கெல்லாம் விலாசம் எழுதிக் கொடுக்கிற வேலையை வீட்டு ரூட்டர் மட்டும் பாக்கட்டும், நீ சும்மா இருன்னு பழசுகிட்ட அந்த வேலையைப் பிடுங்கினா. ரெண்டையும் ஒரே சேனல்ல நிறுத்தி, ரெண்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு போட்டா. கடைசியில ரெண்டுலயும் பச்சை விளக்கு நின்னு எரிஞ்சுது. பழசைக் கொண்டுபோய்க் கொட்டகை ஜன்னல் ஓரத்துல வீட்டைப் பாத்த மாதிரி வெச்சு, பிளக் செருகிட்டு வந்தவர் ஆர்டன்தான். கேமராவை எதிர் உத்தரத்துல மாட்டினார். நான் டேப்லெட்டைத் திறந்தேன். முதல் முதல்ல தெரிஞ்சது எங்க சிவப்புக் கிடேரி ஒண்ணோட பின்பக்கம். படம் கண்ணாடி மாதிரி இருந்துச்சு, சும்மா சொல்லக் கூடாது.

அன்னியிலிருந்து அந்த டேப்லெட்தான் எனக்குப் பொழுதுபோக்கு, ஜெபம், தொல்லை எல்லாம். கேமராவுல மைக்கும் இருக்கு, ஸ்பீக்கரும் இருக்கு. "யோவ், குல்லாவைக் காதுக்கு இழுத்து விடு"ன்னு இங்கிருந்து சொல்லுவேன். அவர் அண்ணாந்து பாத்து, "சாமி மாதிரி மேல இருந்து பேசாதடி, மாடு மிரளுது"ன்னுவார். வைஃபை எட்டினதால அவர் போனும் கொட்டகைக்குள்ள வேலை செஞ்சுது. மேலுக்கு முணுமுணுத்தாலும் அவருக்கும் அது பிடிச்சுப் போச்சு. சில நாள் அவராவே கேமரா முன்னால வந்து, "காபி போட்டாச்சா?"ன்னு கேப்பார். அதுக்கு மேல பேச மாட்டார். கல்யாணம் ஆன நாள்லேருந்தே அப்படித்தான், காபியும் மாடும் மழையும்தான் எங்க பேச்சு. ஆனா அவர் கண்ணுல பட்டுக்கிட்டே இருந்தாலே எனக்குப் போதும். ஒரு நிமிஷம் படத்தை விட்டு நகர்ந்தாலும் ஸ்பீக்கர்ல கூப்பிட்டுடுவேன்.

குளிர் விடாம அடிச்சுது. கார் டயரெல்லாம் சதுரமா உறைஞ்சு, காலையில கிளம்பினா டக்கு டக்குன்னு குதிக்கிற குளிர். அப்படியும் படம் ஒரு நாள் கூட நிக்கல. அப்புறம் பிப்ரவரி கடைசியில ஒரு நாள் மேற்கே மலைக்கு மேல மேகம் வில்லு மாதிரி வளைஞ்சு நின்னுச்சு, பனியை உருக்கற சினூக் காத்து வருதுன்னு அர்த்தம். அது வந்தாலே எனக்கு வர்ற தலைவலி காலையிலேயே ஆரம்பிச்சுடுச்சு. மத்தியானத்துக்குள்ள வெதுவெதுன்னு காத்து வீட்டையே உலுக்க ஆரம்பிச்சுது. கூரையில இருந்து தண்ணி ஒழுகி, முற்றத்துப் பனி மேல நிரம்பிக் கண்ணாடியில எண்ணெய் தடவின மாதிரி ஆயிடுச்சு. எல்லாருக்கும் சினூக் வந்தா கொண்டாட்டம். நானும் கம்பளி மேல்சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு ஜன்னலைத் திறந்து வெச்சேன்.

அன்னிக்குன்னு பாத்து ஒரு தலை ஈத்துக் கிடேரி காலையிலேருந்து முக்கிக்கிட்டு இருந்துச்சு. கன்னுக்குட்டியோட கால் குளம்பு ரெண்டும் வெளிய தெரியுது, பெரிய குளம்பு. மாட்டு டாக்டரைக் கூப்பிட்டோம். அவர் ஆத்துக்கு அந்தப் பக்கம் வேற ஒரு பண்ணையில இருந்தார், முடிச்சுட்டு வரேன்னார்.

"அவர் வரட்டும்"னேன்.

"கன்னு காத்திருக்காதுடி. இன்னும் கொஞ்ச நேரம் போனா உள்ளயே செத்துடும். நீதான் மேல இருந்து பாத்துக்கிட்டே இருக்கியே, அப்புறம் என்ன?"ன்னார். சூப்பைக் குடிச்சு முடிச்சுட்டு கிளம்பிட்டார்.

நான் டேப்லெட்டைச் சர்க்கரை டப்பாவுல சாய்ச்சு வெச்சுக்கிட்டேன். அவர் உள்ள வந்தார், கிடேரியைக் கம்பிச் சட்டத்துக்குள்ள தள்ளிப் பூட்டினார், கையைக் கழுவினார், கன்னுக்குட்டி கால்ல சங்கிலியை மாட்டக் குனிஞ்சார். அப்படியே படம் நின்னுச்சு. குனிஞ்ச முதுகு, ஒரு கை நீட்டினபடி. நெட் இழுக்குது போலன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். அப்புறம் திரை கருப்பாச்சு. இணைப்பு இல்லைன்னு ஒரு வரி வந்துச்சு.

போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளிய இருக்கார்னு ஒரு பொம்பளைக் குரல் சொல்லுச்சு. மறுபடி போட்டேன், அதே குரல். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. இருக்கிறதே ஒத்தைக் கால்தான், அதுவும் ஓடல. ஊன்றுகோலை எடுத்து நொண்டிப் போய் வீட்டு ரூட்டரைப் பிடுங்கித் திருப்பிச் செருகினேன். வீட்டுல வைஃபை வந்துச்சு, கொட்டகை வரல.

பள்ளிக்கூடத்துக்கே போன் பண்ணி பிரென்னாவை வகுப்புல இருந்து வெளிய கூப்பிட்டேன்.

"அம்மா, மெதுவா. வீட்டு ரூட்டர்ல பச்சை எரியுதா?"

"எரியுது. உங்கப்பா சங்கிலி மாட்டிக்கிட்டு இருந்தார், படம் அப்படியே நின்னுச்சு."

"நான் என் போன்ல பாக்கறேன்... எனக்கும் கேமரா வரல. கொட்டகை ரூட்டரே காணோம்மா. இழுத்துக்கிட்டு இருந்தா வேற மாதிரி தெரியும், இது சுத்தமா செத்துக் கிடக்கு. காத்துல கரண்ட் போயிருக்குமோ?"

ஜன்னல்கிட்டப் போனேன். மாடு பாக்க வெச்சிருக்கிற பைனாகுலர் அங்கேயேதான் தொங்கும். எடுத்துப் பாத்தேன். கொட்டகை விளக்கு எரியுது. ஆனா ஜன்னல் ஓரத்துல பெட்டி மட்டும் இருந்துச்சு, அதுல பச்சையைக் காணோம்.

"விளக்கு எரியுதுடி. ரூட்டர் மட்டும் எரியல."

"அப்போ பிளக்தான். அப்பா எதுல செருகினார்? நேரா சுவத்துலயா?"

எனக்கு அப்போதான் உறைச்சுது. அந்த ஜன்னல் ஓரத்துல இருக்கிறது ஒரே ஒரு பிளக் பாயின்ட். அதுல மாட்டுத் தண்ணித் தொட்டி ஹீட்டருக்காகக் குளிர் பிளக் செருகியிருக்கும், எங்க பக்கத்துல எல்லாக் கொட்டகையிலும் இருக்கிறதுதான். உறைபனிக் குளிர் அடிச்சா அதுவா கரண்ட் விடும், குளிர் விட்டா அதுவா நிறுத்திக்கும், வீணாக் கரண்ட் எரியக் கூடாதுன்னு. இந்த மனுஷன் ரூட்டரைக் கொண்டுபோய் அதுலயே செருகியிருக்கார். இவ்வளவு நாள் குளிர் விடவே இல்ல, அதனால படமும் நிக்கல. இன்னிக்கு சினூக் வந்துச்சு, பிளக் தன் வேலையைச் செஞ்சுடுச்சு.

சொன்னதும் பிரென்னா சிரிச்சா. சிரிச்சு சிரிச்சு மூச்சு வாங்கினா. "அம்மா, நான் விலாசம் மாத்தி, சேனல் மாத்தி என்னென்னவோ பண்ணினேன். அப்பா அதைத் தண்ணித் தொட்டி ஹீட்டராக்கிட்டாரே."

நானும் சிரிச்சேன். ஏன் சிரிக்க மாட்டேன்? போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு. "வரட்டும் இன்னிக்கு, இருக்கு அவருக்கு"ன்னேன்.

"நீ வெளிய மட்டும் போயிடாதே. முற்றமெல்லாம் ஈரப்பனி. அப்பா வேலையை முடிச்சுட்டு அவரே வருவார். நான் வகுப்புக்குப் போறேன்."

போனை வெச்சேன். கெட்டிலை அடுப்புல போட்டேன். அவர் வந்ததும் எப்படியெல்லாம் கேலி பண்ணலாம்னு யோசிச்சுக்கிட்டே ரெண்டு கோப்பையை எடுத்து வெச்சேன். ரெண்டாவது கோப்பையை வைக்கும்போது கை நின்னுச்சு.

படம் ஏன் போச்சுன்னு கண்டுபிடிச்சாச்சு. சரி. அவர் எப்படி இருக்கார்னு யார் கண்டுபிடிச்சது? பிளக்கைப் பத்தித்தான் ரெண்டு பேரும் பேசினோம். அந்த ஆளைப் பத்தி எங்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது. பெரிய கன்னுக்குட்டி, தனி ஆள், ஸ்டென்ட் வெச்ச நெஞ்சு. நான் இங்க காபி போட்டுக்கிட்டு இருக்கேன். என் மேலயே எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்துச்சு, கெட்டிலைக் கூட அணைக்காமக் கிளம்பிட்டேன்.

ஊன்றுகோலை அந்த ஈரப்பனியில ஊன்ற முடியாது, முதல் அடியிலயே சறுக்குச்சு. சமையலறை நாற்காலியை இழுத்து வெளிய போட்டேன். குழந்தைகளுக்குப் பனியில சறுக்கப் பழக்கும்போது நாற்காலியைத் தள்ளிக்கிட்டுப் போகச் சொல்லுவோம், அதைத்தான் நான் செஞ்சேன். நாற்காலி முதுகைப் பிடிச்சுக்கிட்டு, தள்ளி, ஒத்தைக் கால்ல எட்டு வெச்சு, மறுபடி தள்ளி. காத்து பக்கவாட்டுல அடிச்சு நாற்காலியோட என்னைக் கொண்டுபோகுது. நடுமுற்றத்துல விழுந்தேன். மாவுக்கட்டெல்லாம் தண்ணி. எழுந்துக்க முடியல, கொஞ்ச தூரம் உக்காந்தபடியே நகர்ந்தேன். "ஆர்டன், ஆர்டன்"னு கத்தினேன், காத்து அதை வாயிலேயே பிடுங்கிக்கிட்டுப் போச்சு. இந்த வயசுல பின்பக்கத்தால முற்றத்தைத் துடைச்சுக்கிட்டுப் போறவளை யாராவது பாத்திருந்தா ஊரே சிரிச்சிருக்கும். பாக்க யாரும் இல்லையேன்னுதான் எனக்கு அழுகையா வந்துச்சு.

கொட்டகைக் கதவைப் பிடிச்சு எழுந்து உள்ள போனேன். கன்னுக்குட்டி வைக்கோல் மேல ஈரமா உக்காந்திருந்துச்சு, உயிரோட. கிடேரியையும் அவிழ்த்து விட்டிருந்தார், அது கன்னை நக்கிக்கிட்டு இருந்துச்சு. ஆர்டன் எதிர்ச் சுவர் ஓரமா வைக்கோல் கட்டுல சாஞ்சு தரையில உக்காந்திருந்தார். முகம் சாம்பலாட்டம் இருந்துச்சு. வேர்வை கழுத்து வழியா வழியுது. ஒரு கை நெஞ்சு மேல. கண்ணு ரெண்டும் உத்தரத்துல இருந்த கேமராவையே பாத்துக்கிட்டு இருந்துச்சு.

"வந்துட்டியா"ன்னார். குரல் வெளியவே வரல.

"மருந்து அடிச்சுக்கிட்டியா?"

தலையாட்டினார். சட்டைப் பையில இருந்த, நாக்குக்கு அடியில அடிக்கிற மருந்து ஸ்பிரே மடியில கிடந்துச்சு. என் போனை எடுத்தேன். சிக்னல் சுத்தமா இல்ல. வெளிய போய்ப் பேசணும்னா வீட்டுக்குப் பாதி தூரம் போகணும். இன்னொரு தடவை அந்த முற்றத்துல போக என்னால ஆகாது. போனாலும் திரும்பி வர ஆகாது.

ஜன்னலைப் பாத்தேன். சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே போய் ரூட்டர் வயரைக் குளிர் பிளக்குல இருந்து பிடுங்கினேன். அந்தக் குளிர் பிளக்கையே உருவி எறிஞ்சுட்டு, ரூட்டரை நேரா சுவத்துல செருகினேன். ஒரு விளக்கு சிவப்பா வந்துச்சு. அப்புறம் ரெண்டாவது விளக்கு மினுக்க ஆரம்பிச்சுது. அது வீட்டு ரூட்டரைத் தேடுது. தேடுது, தேடுது, நிக்க மாட்டேங்குது. வீட்டு ரூட்டரை நான் பிடுங்கிச் செருகினேனே, சேனல் மாறியிருந்தா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாக்காதேன்னு அப்போதான் பயம் பிடிச்சுது. என் பாட்டி காலத்து ஜெபமெல்லாம் அந்தப் பெட்டிகிட்ட சொன்னேன். திட்டவும் செஞ்சேன். "பிடிடா, சனியனே, பிடி."

மினுக்கு நின்னுச்சு. பச்சை.

எமர்ஜென்சிக்குப் போட்டேன், மணி அடிச்சுது, ஒரு பொண்ணு எடுத்தா. எங்க பண்ணை எந்த ரோட்டுல, எந்தத் திருப்பம்னு ஒண்ணு விடாமச் சொன்னேன். ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சு, ஆளை அசைய விடாதீங்கன்னா. ஆஸ்பிரின் இருக்கான்னு கேட்டா. அது அவர் பையிலயே இருந்துச்சு, கடிச்சு மெல்லக் கொடுத்தேன். அப்புறம் அவர் பக்கத்துல வைக்கோல்ல சரிஞ்சு உக்காந்து, தலையைத் தூக்கி என் தோள்ல வெச்சுக்கிட்டேன்.

அவர் இன்னும் கேமராவைத்தான் பாத்துக்கிட்டு இருந்தார்.

"ஏன்டி இவ்வளவு நேரம்?"ன்னார். கோவமே இல்ல. அதுதான் என்னைக் கொன்னுச்சு. "கையைக் கையை ஆட்டினேன். நீ பாத்துக்கிட்டுதானே இருந்தே."

"படம் போயிடுச்சுய்யா. நீ சங்கிலி மாட்டக் குனிஞ்ச உடனே போயிடுச்சு. குளிர் பிளக்குல செருகி வெச்சிருக்கே."

அவருக்குப் புரிய நேரம் ஆச்சு. ஜன்னலைப் பாத்தார், தூக்கி எறிஞ்ச பிளக்கைப் பாத்தார்.

"அப்போ எதுவும் கேக்கலையா நீ?"

"எதுவும் கேக்கல."

"நான் பேசினது எதுவும்?"

"என்ன பேசினே?"

கண்ணை மூடிக்கிட்டார். "போறேன்னு நெனைச்சேன் வெல்டா. அதான், மனசுல இருந்ததை எல்லாம் சொல்லிட்டேன்."

"இப்ப சொல்லு."

"இப்ப நீ பக்கத்துல இருக்கியே"ன்னார்.

கொஞ்ச நேரத்துல தூரத்துல சைரன் கேட்டுச்சு. கால்கரியில நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் பண்ணினாங்க, பொழைச்சுட்டார். அதுக்கு நான் நன்றி கெட்டவ இல்ல. ஆனா எத்தனையோ தடவை கேட்டுப் பாத்துட்டேன், கெஞ்சியும் பாத்துட்டேன், சண்டையும் போட்டாச்சு. "அது ஒரு தடவைதான் வரும்"ங்கறார். இத்தனை வருஷக் குடித்தனத்துல என் புருஷன் மனசைத் திறந்து என்கிட்டப் பேசினது அந்த மத்தியானம் ஒண்ணுதான். அப்போ நான் வீட்டுக்குள்ள உக்காந்து பிளக்கை நெனைச்சுச் சிரிச்சுக்கிட்டு இருந்தேன்.

இந்த வருஷமும் கிடேரிங்க கன்னு போட ஆரம்பிச்சாச்சு. கூட வேலைக்கு ஒரு ஆள் இருக்கான், என் காலும் சரியாயிடுச்சு, இருந்தாலும் கேமராவைக் கழட்ட விடல. படம் துல்லியமா வருது. அவர் கொட்டகைக்குள்ள வந்து அண்ணாந்து பாத்து, காபி போட்டாச்சாங்கறார். போட்டாச்சுங்கறேன். அப்புறமும் ரொம்ப நேரம் சத்தத்தைக் கூட்டி வெச்சுக்கிட்டுக் காதைக் கொடுத்து உக்காந்திருக்கேன்.